ஜட்ஜ் ஆஃப் எலெக்‌ஷனுக்கு நிற்பவர்கள் சறுக்கும் இடங்கள்

நம்மூரில் தேர்தல் வந்தால் வாத்தியார்களையும் அரசு ஊழியர்களையும் டூட்டி போட்டு எங்கோ ஒரு பூத்துக்கு அனுப்புவார்கள். பென்சில்வேனியாவில் அந்தக் கதையே வேறு. பூத்தை நடத்துகிறவரையே அந்தப் பகுதி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலத்தில் 9,000-க்கும் மேற்பட்ட பிரீசிங்க்ட்டுகள் (ஒரு பூத்துக்கு உட்பட்ட வாக்குப் பகுதிகள்), ஒவ்வொன்றுக்கும் பூத் தலைவராக ஒரு ஜட்ஜ் ஆஃப் எலெக்‌ஷன், அவருக்குத் துணையாக இரண்டு இன்ஸ்பெக்டர்கள், பதவிக்காலம் நான்கு வருடம். 2021-இல் ஒரு முறை, 2025-இல் ஒரு முறை, அடுத்தது 2029. கிரீன் கார்டு தாண்டி குடியுரிமை வாங்கிய நம் ஆட்களில் சிலர் இதற்கு நிற்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக நிற்கலாம். ஆனால் பலர் தடுக்கி விழுவது பெரிய விஷயத்தில் இல்லை, காகிதத்திலும் கையெழுத்திலும்தான்.

முதலில், இந்தப் பதவி எது இல்லை என்பது. 2020 அதிபர் தேர்தலுக்குப் பிறகு தேர்தல் மோசடியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பியவர்களும் உண்டு, ஜனநாயகத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று வந்தவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் கிடைப்பது ஒரு பள்ளிக்கூட ஜிம், நாலைந்து மேஜை, காலை 7 முதல் இரவு 8 வரை ஒரு வரிசை. தபால் ஓட்டை எண்ணுவது, முடிவுக்குச் சான்றளிப்பது எல்லாம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தேர்தல் வாரியத்தின் வேலை, பெரும்பாலான கவுண்டிகளில் கமிஷனர்களே அந்த வாரியம். 2022 பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில்) தேதி எழுதாத தபால் ஓட்டுகளைச் சேர்க்க மாட்டோம் என்று பெர்க்ஸ், ஃபயெட், லாங்காஸ்டர் கவுண்டிகள் அடம்பிடித்து, மாநில அரசு கோர்ட்டுக்குப் போனதே, அந்தச் சண்டையெல்லாம் அந்த மட்டத்தில் நடப்பது. அதில்தான் உங்களுக்கு ஆர்வம் என்றால் கமிஷனர் பதவிக்கு நில்லுங்கள். ஜட்ஜாக உட்கார்ந்துகொண்டு அதைச் செய்யப் பார்த்தால் உங்களுக்கும் கஷ்டம், வரிசையில் நிற்பவர்களுக்கும் கஷ்டம்.

அடுத்து, தகுதி. அந்தப் பிரீசிங்க்ட்டிலேயே பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இது: மத்திய அரசு, மாநில அரசு, கவுண்டி, நகராட்சி என்று எதிலாவது வேலை பார்ப்பவரும், கடந்த இரண்டு மாதத்துக்குள் பார்த்தவரும் தேர்தல் அதிகாரியாக இருக்க முடியாது. நோட்டரி போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர் கையெழுத்தெல்லாம் வாங்கி முடித்த பிறகு இதைக் கேள்விப்பட்டால் எப்படி இருக்கும்? உங்கள் வேலை இந்தக் கணக்கில் வருமா என்று சந்தேகம் இருந்தால், பெட்டிஷன் (கையெழுத்து வாங்கித் தாக்கல் செய்யும் வேட்புமனு) படிவம் வாங்கும் அன்றே கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அதே மாதிரி, அன்று வேறொரு பதவிக்கும் பேலட்டில் உங்கள் பெயர் இருந்தால் அன்றைக்கு நீங்கள் அந்த மேஜையில் உட்கார முடியாது.

பெட்டிஷனில்தான் நிறையப் பேர் அசால்ட்டாக இருக்கிறார்கள். ஜட்ஜுக்கு 10 கையெழுத்து, இன்ஸ்பெக்டருக்கு 5. பத்துதானே என்று சரியாகப் பத்தோடு போய் நிற்பவரிடம், அதில் ஒருவர் எந்தக் கட்சியிலும் சேராதவர், இன்னொருவர் தெரு தாண்டி அடுத்த பிரீசிங்க்ட், மூன்றாமவர் இன்னும் பழைய முகவரியிலேயே பதிவாகியிருக்கிறார் என்று வரும், அவ்வளவுதான், ஏழாகிவிட்டது. கையெழுத்துப் போடுபவர் உங்கள் கட்சியில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், உங்கள் பிரீசிங்க்ட்டில் குடியிருக்க வேண்டும். மனைவிக்குப் பதில் கணவர் போட்டுக் கொடுப்பதெல்லாம் செல்லாது. தாக்கல் முடிந்த ஏழு நாளுக்குள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பத்து தேவைப்படும் இடத்தில் இருபது வாங்குங்கள், நவராத்திரி கொலுவுக்கு வருகிறவர்களிடம் வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், அதில் பாதிப் பேர் பக்கத்து டவுன்ஷிப்காரர்களாக இருப்பார்கள். நாளும் குறைவு: வசந்த காலத்து பிரைமரிக்கு முன்னால் மூன்றே வாரம்தான் அவகாசம், 2025-இல் பிப்ரவரி 18 முதல் மார்ச் 11 வரை.

பெட்டிஷன் தவறிப்போனால் ரைட்-இன் இருக்கிறது, அதாவது பேலட்டில் அச்சாகாத உங்கள் பெயரை வாக்காளரே எழுதி ஓட்டுப் போடுவது. பல பிரீசிங்க்ட்டுகளில் ஒருவர்கூட நிற்பதில்லை என்பதால், பொதுத்தேர்தலில் இரண்டு மூன்று ரைட்-இன் ஓட்டிலேயே ஜெயித்தவர்கள் உண்டு. நம் ஆட்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். பதிவில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், தெருவில் எல்லோரும் கூப்பிடுவது வேறு, சுப்ரமணியன் என்பதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். ஒவ்வொரு எழுத்து விதமும் தனித்தனிப் பெயராகப் பட்டியலில் ஏறும். எல்லாம் நான்தான், ஒன்றாகக் கூட்டுங்கள் என்று காமன் ப்ளீஸ் கோர்ட்டில் (கவுண்டி அளவிலான நீதிமன்றத்தில்) மனு போட வேண்டிவரும். முன்னாடியே ஒரே எழுத்துக்கோவையைச் சின்னத் துண்டுச்சீட்டில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டால் வேலை மிச்சம். பிரைமரியில் ரைட்-இன் மூலம் கட்சி வேட்பாளராக வேண்டுமென்றால் பெட்டிஷனுக்கு வேண்டிய எண்ணிக்கையாவது ஓட்டு வாங்க வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

என் பகுதியில் எதிர்க்கட்சிதான் பலம், நின்று என்ன பிரயோஜனம் என்று ஒதுங்குவது இன்னொரு தவறு. இன்ஸ்பெக்டர் இடம் இரண்டு, ஆனால் ஒரு வாக்காளருக்கு ஒரு ஓட்டுதான். அதிக ஓட்டு வாங்கியவர் மெஜாரிட்டி இன்ஸ்பெக்டர், இரண்டாவதாக வந்தவர் மைனாரிட்டி இன்ஸ்பெக்டர். அதாவது தோற்றும் பதவிக்கு வருகிற ஏற்பாடு இது, ஒரே கட்சி ஆட்களாக மேஜை நிறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

சரி, ஜெயித்தாகிவிட்டது. தேர்தல் நாளில் அதிகம் நடக்கும் தவறு, வருகிறவர்களிடமெல்லாம் அடையாள அட்டை கேட்பது. நம்மூர்ப் பழக்கத்தில் இது சாதாரணமாகத் தெரியும். பென்சில்வேனியாவில் இப்போதைய சட்டப்படி, அந்தப் பிரீசிங்க்ட்டில் முதல் முறையாக ஓட்டுப் போடுகிறவர் மட்டும்தான் காட்ட வேண்டும், அதுவும் போட்டோ இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, கரண்ட் பில்கூடப் போதும். எல்லோரும் போட்டோ அடையாளம் காட்ட வேண்டும் என்று 2012-இல் வந்த சட்டத்தை 2014-இல் கோர்ட் தள்ளிவிட்டது.

இன்னொன்று நல்ல மனசால் நடக்கும் தவறு. இங்கிலீஷ் சரியாக வராத ஒரு அம்மா வருகிறார், உங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “தம்பி, நீ கொஞ்சம் கூட வந்து சொல்லிக் கொடேன்” என்கிறார். கூடப் போகாதீர்கள். வாக்காளர் தனக்குப் பிடித்த யாரையும் உதவிக்கு அழைக்கலாம், அவருடைய முதலாளியையும் யூனியன் ஆளையும் தவிர. மாநிலச் சட்டம் அந்தப் பட்டியலில் ஜட்ஜையும் சேர்த்திருக்கிறது. அவர் மகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அழைத்துக்கொள்ளலாம், உதவி செய்ததற்கான படிவத்தை மட்டும் நிரப்பிவிடுங்கள்.

புரொவிஷனல் பேலட், அதாவது தகுதியைப் பிறகு சரிபார்த்து எண்ணும் தற்காலிக ஓட்டு, தனிக் கதை. பட்டியலில் பெயர் இல்லாதவரை “போங்க, உங்களுக்கு ஓட்டு இல்லை” என்று அனுப்புவது பெரிய தப்பு. சரியான பூத்துக்குத்தான் வந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், அப்புறம் புரொவிஷனல் கொடுங்கள். தபால் ஓட்டு கேட்டு வாங்கியவர், அந்தப் பேலட்டையும் திருப்பி அனுப்பும் உறையையும் கையோடு கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கம்போலவே ஓட்டுப் போடலாம், கொண்டுவராவிட்டால் புரொவிஷனல்தான். புரொவிஷனல் உறையில் வாக்காளர் ஓட்டுப் போடுவதற்கு முன் ஒரு கையெழுத்து, போட்ட பின் ஒரு கையெழுத்து. அவசரத்தில் அந்த இரண்டாவது விட்டுப்போய் செல்லாமல் போகும் ஓட்டுகள் உண்டு. அவர் வாசலைத் தாண்டும் முன் உறையைத் திருப்பிப் பார்க்க வேண்டியது உங்கள் வேலை.

பிரசாரக்காரர்கள் வாசலிலிருந்து 10 அடி தள்ளி நிற்க வேண்டும், அது உங்கள் சொந்தக் கட்சிக்காரருக்கும் சேர்த்துத்தான்.

இரவு 8 மணிக்கு வரிசையில் நின்றவர் எல்லோரும் ஓட்டுப் போடலாம், கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு ஊழியரை நிறுத்திவிட்டால் தகராறு வராது. பிறகு கணக்கு. வாக்காளர் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்கள் 412, மெஷின் 411 காட்டுகிறது என்று வையுங்கள். பதினாலு மணி நேரம் நின்ற களைப்பில் ஒரு எண்ணைத் திருத்திச் சரிக்கட்டிவிடலாம் என்று கை போகும். திருத்தவே கூடாது. ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேலட்டை மெஷினில் போடாமல் போயிருக்கலாம், கெட்டுப்போன பேலட்டை எண்ணாமல் விட்டிருக்கலாம், தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் வித்தியாசத்தை அப்படியே எழுதி இரண்டு இன்ஸ்பெக்டர்களோடும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். மெஷின் அச்சடித்துத் தரும் முடிவு நாடாவின் ஒரு பிரதியைக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

2029 வரை காத்திருக்க வேண்டுமே என்பவர்களுக்கு: இடையில் காலியாகும் இடங்களைக் கோர்ட் நியமனத்தால் நிரப்புகிறார்கள், கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கேட்டால் உங்கள் பிரீசிங்க்ட்டில் காலி இருக்கிறதா என்று சொல்வார்கள். காலி இல்லையென்றால் கிளார்க்காக ஒரு தேர்தல் உட்கார்ந்து பாருங்கள்.