முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகு நோவுக் குளிசையும் மலச்சிக்கலும்: எப்பிடிச் சமாளிக்கிற?

முதுகெலும்பு ஒப்பரேசன் முடிஞ்சி வீட்ட வாற கன பேருக்கு வெட்டின இடத்து நோவ விடப் பெரிய கரைச்சல் கக்கூசு போறதுதான், ஆனா டொக்டர் வாட்டுக்கு வாற நேரம் அதப்பத்திக் கேக்க வெக்கப்பட்டு ஒருத்தரும் வாய் திறக்கிறல்ல. வீட்ட வர முந்தியே கேட்டிருங்க, இந்தக் குளிசை மலத்த இறுக்குமா, அதுக்கும் மருந்து எழுதியிரிக்கா எண்டு.

ட்ரமடோல், கொடீன், மோர்ஃபின் இந்த இனமெல்லாம் நோவ அமத்துற அதே நேரம் குடல்ர அசைவையும் மெதுவாக்கிரும், மலம் உள்ளுக்கு நிண்டு நிண்டு அதில இரிக்கிற தண்ணியக் குடல் உறிஞ்சி உறிஞ்சி கல்லாகிரும். ஓங்காளம், தூக்கக்கலக்கம் எல்லாம் கொஞ்ச நாள்ல பழகும், இது மட்டும் லேசில பழகாது. அதால இறுகின பிறகு மருந்து தேடுற வேலை வேணாம், நோவுக் குளிசை துவங்குற அண்டைக்கே மலம் இளக்குற மருந்தும் துவங்கணும். இரும்புக் குளிசையும், நரம்பு நோவுக்குத் தாற பிரிகாபலினும் கூட இறுக்கும்.

சிலர் கக்கூசு போகல்ல எண்டு நோவுக் குளிசைய நிப்பாட்டிருவாங்க. மறுகா நோவுல நடக்க ஏலாமக் கட்டில்லயே கிடந்தா குடல் இன்னும் படுத்திரும். டொக்டர் வேற மாதிரிச் சொல்லல்லையெண்டா பனடோல (பரசிற்றமோல்தான் அது) நேரத்துக்குப் போடுங்க, பெரிய ஆக்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ரெண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கி 8க்கு மேல வேணாம். மெலிஞ்ச ஆக்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் இதிலும் குறைய. மற்றக் குளிசையிலயும் பரசிற்றமோல் கலந்திரிக்கா எண்டு பாமசியில கேளுங்க, ரெண்டும் சேந்தாக் கணக்கு மிஞ்சிரும். டைக்லோஃபெனக், ஐப்யூபுரோஃபென் மாதிரி நோவுக் குளிசையெல்லாம் சும்மா வாங்கிப் போடப்படா, அதுவும் ஸ்குரூ வெச்சு எலும்பு பொருத்தின ஆக்கள் சேர்ஜனக் கேக்காம தொடவே வேணாம்.

மலம் இளக்குற மருந்துகள்ல லக்டுலோஸ் பாணி வேலை செய்ய ஒண்டு ரெண்டு நாள் எடுக்கும், பின்னேரம் குடிச்சிட்டு இரவே சரிவரல்ல எண்டு வீசப்படா. சென்னா, பிசகோடில் படுக்கப் போக்க குடிச்சா விடியச் சரிவரும். தண்ணியில ஊறிப் பெருக்கிற இசப்கோல் உமி இந்த நேரத்துல வேணாம், அசையாத குடல்ல அது அடைச்சிக்கும். ஆமணக்கெண்ணெயும் வேணாம், மாமிமார் கோவிச்சாலும் பரவால்ல.

பத்தியம் எண்டு பழத்தையும் தண்ணியையும் மறிக்கிறதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். நம்மட வெயிலுக்கு வேர்வையாவே எவ்வளவு தண்ணி போகுது! இதய, கிட்னி வருத்தம் இல்லாட்டித் தாராளமாக் குடிங்க, பப்பாசிப்பழம், முருங்கையிலைச் சுண்டல், சிவப்பரிசிச் சோறு சாப்பிடுங்க. டொக்டர் விட்டா அடிக்கடி கொஞ்சக் கொஞ்சம் நடங்க.

காலச் சாப்பாடும் பிளேன்டீயும் முடிஞ்சி அரை மணித்தியாலத்துல குடல் தானா அசையும், அந்த நேரம் போய் இரிங்க. குந்துற கக்கூசு இப்ப சரிவராது, கொமோட் இல்லாட்டி நடுவுல ஓட்டை இரிக்கிற கதிரைய அதுக்கு மேல வைக்கலாம். மூச்சப் பிடிச்சி முக்கப்படா. கழுவுறதுக்கு முதுகத் திருகாம கைப்பைப்பு இரிந்தா நல்லம்.

தொடையிடுக்கு, குதம் இருக்கிற பக்கம் விறைச்சிப் போனா, சலம் போகாம அடைச்சா, இல்லாட்டி சலமோ மலமோ தெரியாமப் போனா, கால் புதுசாப் பலம் குறைஞ்சா அது மலச்சிக்கல் இல்ல, நரம்பு நசிபடுற அடையாளம், கிளினிக் நாள் வருமட்டும் பாக்காம உடனே 1990 அம்புலன்சுக்கு அடிங்க. வயிறு ஊதி, வாயுவும் போகாம சத்தி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான், அந்த நேரம் மலமிளக்கி குடிக்கப்படா.

நோவு குறையக்க முதல்ல ட்ரமடோலக் குறைங்க, நாள்கணக்காப் போட்ட ஆக்கள் டொக்டர் சொல்ற மாதிரிப் படிப்படியா. பனடோலப் பிறகு பாக்கலாம். பாணிய ட்ரமடோல் நிப்பாட்டின கையோட விடாம, கக்கூசு வழமைக்கு வந்த பிறகு விடுங்க.