அணைத் தண்ணீரில் படகு விடப் போகிறவர்களுக்கு

ஊட்டி பக்கத்தில் பைக்காரா அணையில் பல வருஷமாக ஸ்பீட் போட் ஓட்டுகிறேன். அதனால் புதிதாகப் படகுத்துறை போட நினைப்பவர்கள், "எங்கே போடலாம்ண்ணா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. ரோடு பக்கத்தில் இருக்கிறதா, பார்க்கிங் கிடைக்குமா என்பதை அப்புறம் பாருங்கள். முதலில் விடியற்காலையில் கரையோரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

பாறைகளைக் கவனியுங்கள். காய்ந்த எச்சத்தைக் குச்சியால் கிளறினால் நண்டு ஓடு துணுக்குத் துணுக்காக உதிர்கிறதா? அது நீர்நாய் போட்டது. மேல்மலையில் இருக்கும் சின்ன நீர்நாய்க்கு நண்டுதான் முக்கியச் சாப்பாடு. ஒரே பாறையில் பழைய எச்சமும் புதிய எச்சமும் சேர்ந்து கிடந்தால், அங்கே அவை திரும்பத் திரும்ப வருகின்றன என்று அர்த்தம். சோலை என்கிற மலைக்காட்டிலிருந்து ஓடை வந்து சேரும் முனைகளில் இதை நன்றாகத் தேடுங்கள். கண்ணில் பட்டால் அந்த முனையை விட்டுவிடுங்கள், இதில் பேரமே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியலில், இருக்கிற விலங்கு அது.

ஏற்கெனவே ரோடும் ஆள் நடமாட்டமும் உள்ள கரைதான் துறைக்குச் சரியான இடம். பைக்காரா 1932 முதல் மின்சாரம் கொடுக்கிற ஆறு. இந்த மாதிரி அணையில் தண்ணீர் ஏறும், இறங்கும். கான்கிரீட் படி கட்டினால் தண்ணீர் இறங்க இறங்க அதை நீட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். டிரம் மேல் பலகை போட்ட மிதவைத் துறை தண்ணீரோடு தானே இறங்கும், கரையையும் கெடுக்காது.

2017 ஈரநில விதிகள் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன. ஆனால் படகுத்துறைக்கு அதில் விலக்கு உண்டு. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பொழுதுபோக்குக்கும் என்றே வெட்டிய நீர்நிலைகள் அந்த விதிக்குள் வருவதே இல்லை. சட்டம் கேட்காவிட்டாலும் டிக்கெட் கவுன்ட்டர், டீக்கடை, கழிப்பறை மூன்றையும் அந்த 50 மீட்டருக்கு அப்பால் வையுங்கள்.

அடுத்தது அலை. எனக்கு இதுதான் பெரிய கவலை. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி நாலு மடங்காகும். கரைப் புல்லுக்குக் கீழே இருக்கும் கறுப்பு மண் அந்த அடியில் பாளம் பாளமாகச் சரிந்துவிடும். முக்குளிப்பான் பாசியையும் தண்டையும் சேர்த்து மிதக்கும் கூடு கட்டுகிற பறவை. எழுந்து போகும்போது முட்டை மேல் ஈரப்பாசியை இழுத்து மூடிவிட்டுத்தான் போகும். ஒரு பெரிய அலை போதும், அந்தக் கூடு முழுகிவிடும்.

பாதி வேகத்தில் போனால் அலை குறையும் என்று புது டிரைவர்கள் நினைக்கிறார்கள். படகின் மூக்கு தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து ஓடும் அந்த நடு வேகத்தில்தான் அலை அதிகம். கரை அருகே வந்தால் மூக்கு முழுக்க இறங்கும்வரை ஆக்சிலேட்டரைக் குறைக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் பின்னால் வெள்ளை நுரை இருக்கக் கூடாது. வேகமெல்லாம் நடுத் தண்ணீரில் மட்டும். அதற்கு மிதவை கட்டி எல்லை போடுங்கள். சின்ன ஏரி என்றால் இன்ஜினே வேண்டாம். கோடைக்கானல் ஏரியில் துடுப்பும் மிதிபடகும்தான், அங்கே கூட்டம் குறைந்தா போய்விட்டது?

இன்ஜின் வாங்கினால் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் எரியாத எண்ணெயையும் பெட்ரோலையும் தண்ணீரிலேயே விடும். பைக்காரா தண்ணீர் மோயாற்றில் சேர்ந்து முதுமலை ஓரமாகப் போகிறது, வழியில் எத்தனையோ மிருகங்கள் அதைக் குடிக்கின்றன. பெட்ரோல் ஊற்றுவது, சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாம் கரை மேலே இருக்கட்டும். ஊட்டி ஏரியிலிருந்து படகு கொண்டுவந்தால் நன்றாகக் காயவைத்து இறக்குங்கள். ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் பிடித்துக்கொள்ளும். இருட்டும் முன் படகை நிறுத்துங்கள், ஃபோகஸ் லைட் வேண்டாம்.

டிரைவர் சம்பளத்தையும் யோசியுங்கள். "அண்ணா, இன்னும் வேகமா" என்று கேட்பவர்கள்தான் டிப்ஸும் கொடுப்பார்கள். அதை நம்பிப் பிழைக்கிறவனிடம் மெதுவாகப் போ என்றால் எப்படிப் போவான்? மாதச் சம்பளம் ஒழுங்காகக் கொடுங்கள். எந்த வழி, எத்தனை நிமிஷம், எங்கே மெதுவாகப் போகும் என்பதை டிக்கெட் கவுன்ட்டரிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.