பங்குனி, சித்திரையில் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்? சென்னையில் ஒரு தொடக்கம்

பள்ளிப் பாடத்தில் வரும் வசந்தத்தைச் சென்னையில் தேடினால் கிடைக்காது. தமிழ்க் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் நம் தெருவில் அதன் அறிகுறிகள் மாசி முடியும்போதே தெரியும். புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று தளிர்க்கும், விடியும் முன்பே குயில் கூவும், கடற்கரை மணலுக்குள் ஆமை முட்டைகள் பொரியத் தயாராகும். இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் அதன் பின்னாலேயே போவதுதான் நான் சொல்லும் வழி.

எங்கள் வீட்டில் முதல் வருடம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று இடங்கள் போனோம். மதியம் 2 மணிக்கு மகளுக்குத் தலைவலி, வாந்தி. அன்று பார்த்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. அடுத்த வருடம் தெருமுனைப் புங்கமரத்தை மட்டும் பார்த்துவந்தோம். அது இன்றும் அவளுக்கு நினைவிருக்கிறது.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

காலை 6.30 முதல் 8.30 வரை, இல்லையென்றால் மாலை 5 மணிக்கு மேல். நடுவில் வெளியே கூட்டிப்போக வேண்டாம். தண்ணீர், தொப்பி, ஒரு நோட்டு, பென்சில் போதும். நோட்டை வைத்திருப்பதும் எழுதுவதும் குழந்தையின் வேலை. எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும்.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நடந்தே போகும் தூரத்தில் இருக்க வேண்டும். புங்கை, வேம்பு, அரசு, சரக்கொன்றை என்று எதுவானாலும் சரி. எந்த மரம் என்பதைக் குழந்தையே சொல்லட்டும். அப்புறம் வாரம் ஒருமுறை அதன் அடியில் நின்று மூன்று கேள்விகள்: இலை என்ன நிறம்? மொட்டு, பூ, காய் எது இருக்கிறது? யார் வந்திருக்கிறார்கள், எறும்பா, தேனீயா, அணிலா?

புங்கையை எடுத்தால் சீக்கிரமே பலன் தெரியும். பூக்கும் நாட்களில் மரத்தடி முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சிறு பூக்கள் கொட்டிக் கிடக்கும். சங்கப் புலவர்கள் அதைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள். ஒரு பிடி பொரியையும் ஒரு பிடி புங்கம்பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், ஏன் என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. தெருவில் மரமே இல்லாதவர்கள் செம்மொழிப் பூங்காவிலோ கிண்டி சிறுவர் பூங்காவிலோ ஒன்றைத் தத்தெடுக்கலாம்.

குயிலைக் காதால் தேடுங்கள்

'குக்கூ' என்று ஏறிக்கொண்டே போகும் குரல் ஆண் குயிலுடையது. பளபளக்கும் கறுப்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அதன் குரல் 'கிக் கிக்' என்று வெட்டும். இது தெரிந்தாலே பிள்ளைகள் துப்பறிவாளர்களாகி விடுவார்கள். குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில்தான் முட்டையிடும். அதனால் சுள்ளியும் கம்பியும் தூக்கிப்போகும் காகத்தைப் பார்த்தால் எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குயிலும் அந்தப் பக்கம் சுற்றலாம். கூட்டுக்கு மிக அருகில் போகாதீர்கள், காகம் தலையில் தட்டிவிட்டுப் போகும்.

ஆமைக்குஞ்சு கடலுக்குப் போவதைப் பாருங்கள்

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நம் கரையில் முட்டையிட வரும் கடலாமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு குழிக்குச் சுமார் 100 முட்டைகள் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தாய் திரும்பி வராது. மணலின் சூட்டில் ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் பொரியும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம்.

1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவெல்லாம் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, ஆபத்தில் இருக்கும் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்துவைக்கிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. அந்த இரவு நடை சிறு பிள்ளைகளுக்குத் தாங்காது. பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் யோசியுங்கள். சிறியவர்களுக்கு ஏற்றது, மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகளை விடும்போது போவது. எந்த நாளில் விடுவார்கள் என்பது குஞ்சு பொரிவதைப் பொறுத்தது. முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். போன அன்று குஞ்சு வராமலும் போகலாம் என்பதைப் பிள்ளையிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

கரையில் மூன்று விதிகள். கயிற்றைத் தாண்டக் கூடாது. குஞ்சைத் தொடக் கூடாது. டார்ச்சும் கேமரா ஃபிளாஷும் கூடவே கூடாது, ஏனென்றால் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் போகும். இருட்டுக் கரையில் அலைமேல் தெரியும் மங்கல் ஒளி அவற்றைக் கடலுக்கு அழைக்கும். தெருவிளக்கு சாலைக்கு இழுத்துவிடும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மொட்டைமாடி விளக்கை அணைக்கும்படி பிள்ளையே உங்களிடம் சொல்லும். என் மகள் சொன்னாள்.

மயிலாப்பூருக்கு ஒரு காலை

கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா 10 நாட்கள். எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவத்துக்குக் கூட்டம் நெருக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு மூன்றாம் நாள் அதிகாலை அதிகார நந்தி சேவைதான் நல்லது என்பேன். கோயிலுக்குள் புன்னை மரத்தையும் காட்டுங்கள். அம்பாள் மயில் வடிவில் பூசை செய்த இடமாம்.

வேப்பம்பூவில் முடியுங்கள்

பங்குனியில் வேம்பு பூக்கும். புகை படியும் பெரிய சாலை ஓரத்தை விட்டுவிட்டு, ஏதாவது வீட்டு வாசலில் இருக்கும் மரத்தடியில், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மாலையில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். காலையில் பூ உதிர்ந்திருக்கும். காம்பையும் தூசியையும் பொறுக்குவது குழந்தையின் வேலை. சின்ன விரல்களுக்கு அது பிடிக்கும். மூன்று, நான்கு நாள் வெயிலில் காயவைத்தால் மொறுமொறுப்பாகிவிடும்.

ஏப்ரல் 14 வாக்கில் வரும் சித்திரை முதல் நாளுக்குப் பச்சடி. ஒரு நடுத்தர மாங்காயைத் தோல் சீவி நறுக்கி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு வேகவையுங்கள். முக்கால் கப் பொடித்த வெல்லம் சேர்த்துக் கெட்டியானதும் இறக்கி, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளியுங்கள். ஒரு மேசைக்கரண்டி வேப்பம்பூவை ஒரு தேக்கரண்டி நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, பரிமாறும்போதுதான் மேலே தூவ வேண்டும். முன்பே போட்டால் முழுப் பச்சடியும் கசந்துவிடும். முதல் வாயில் குழந்தை முகம் சுளிக்கும். வற்புறுத்தாதீர்கள். பூ இல்லாத பகுதியை முதலில் கொடுத்து, பிறகு தன் கையால் ஒரே ஒரு பூவை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தான் பொறுக்கிய பூ என்பதால் அநேகமாகச் சாப்பிட்டுவிடும்.

மீதிப் பூவை ஈரமில்லாத பாட்டிலில் போட்டு, மூடியில் தேதியும் எந்தத் தெரு மரம் என்பதையும் பிள்ளையின் கையெழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வேப்பம்பூ ரசத்துக்கு ஆகும்.