யூகேல ரேடியோகிராஃபர் ஆகணுமா? வேற டிகிரி முடிச்சவங்களுக்கு ரெண்டு வருஷ எம்எஸ்சி ரூட்

ஊர்ல பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சு, கல்யாணமாகி இங்கிலாந்து வந்து, சில வருஷம் கடையில பில் போட்டுட்டு இருந்தேன். இப்போ ஒரு என்.எச்.எஸ் (இங்க இருக்கற அரசு மருத்துவ சேவை) ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்குறேன். எப்படிம்மா மாறினன்னு மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு ஓஞ்சு போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

முதல்ல பேர் குழப்பம். ரேடியாலஜிஸ்ட்னா டாக்டர், எம்பிபிஎஸ் மாதிரி படிச்சுட்டு அப்புறம் ஸ்பெஷலைஸ் பண்றவங்க. ரேடியோகிராஃபர் தான் படம் எடுக்குறவங்க, எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, ஆபரேஷன் தியேட்டர்ல சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கறப்பவே படம் காட்டுற எக்ஸ்ரே மெஷின்) எல்லாம். அதுலயும் ரெண்டு வகை இருக்கு, டயக்னாஸ்டிக் நாங்க, தெரப்யூட்டிக்னா கேன்சருக்கு கதிர்வீச்சு ட்ரீட்மென்ட் குடுக்குறவங்க, ரெண்டுக்கும் கோர்ஸ் வேற வேற. எங்க மாமியார் இன்னைக்கும் சொந்தக்காரங்ககிட்ட "மருமக ஸ்கேன் டாக்டரு"ன்னு தான் சொல்றாங்க, திருத்தி பாத்துட்டு விட்டுட்டேன்.

இப்போ முக்கியமான விஷயம், மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறக்காதீங்க. யூகேல ரேடியோகிராஃபர்ங்கற பேர் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பேர். எச்.சி.பி.சி, அதாவது ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சில் ரிஜிஸ்டர்ல பேர் இல்லாதவங்க அந்த பேரை போட்டுக்கவே கூடாது. அந்த ரிஜிஸ்டருக்குள்ள போக கதவு திறக்குற எம்எஸ்சி வேற, திறக்காத எம்எஸ்சி வேற. "எம்எஸ்சி ரேடியோகிராஃபி", "எம்எஸ்சி மெடிக்கல் இமேஜிங்"னு எவ்ளோ கோர்ஸ் இருக்கு, அதுல நெறைய ஏற்கனவே ரேடியோகிராஃபரா இருக்கறவங்க மேல படிக்கறதுக்கானது. நீங்க தேட வேண்டிய வார்த்தை "ப்ரீ-ரிஜிஸ்ட்ரேஷன்", அதாவது ரிஜிஸ்டர்ல சேர்றதுக்காக படிக்கறது. எனக்கு தெரிஞ்ச ஒரு பையன் ஏஜென்ட் பேச்ச கேட்டு ஃபீஸ் கட்டி, ஒரு வருஷம் படிச்சு, பட்டமளிப்பு விழால தொப்பி தூக்கி போட்டு ஃபோட்டோ எல்லாம் எடுத்து முடிச்சதுக்கு அப்புறம் தான் தெரிஞ்சுகிட்டான், இந்த டிகிரிய வச்சு ஒரு கை எக்ஸ்ரே கூட எடுக்க முடியாதுன்னு. கோர்ஸ் பேரை எச்.சி.பி.சி வெப்சைட்ல அப்ரூவ்டு ப்ரோக்ராம் லிஸ்ட்ல போட்டு பாருங்க, வரலன்னா அவ்ளோதான், ஏஜென்ட் என்ன சத்தியம் பண்ணாலும் விட்டுடுங்க. எடின்பரோ க்வீன் மார்கரெட் யுனிவர்சிட்டி, மிடில்ஸ்ப்ரோல டீஸைட் யுனிவர்சிட்டி மாதிரி இடங்கள்ல இந்த ப்ரீ-ரிஜிஸ்ட்ரேஷன் வகை நடத்தியிருக்காங்க, ஆனா வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால லிஸ்ட் தான் பேசணும்.

அதே மாதிரி, ஊர்லயே பிஎஸ்சி ரேடியாலஜி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி முடிச்சு வேலையும் பாத்தவங்க இந்த ரெண்டு வருஷத்த திரும்ப படிக்கணும்னு அவசியம் இல்ல, நேரா எச்.சி.பி.சில இன்டர்நேஷனல் ரூட்ல அப்ளை பண்ணி பாருங்க. உங்க காலேஜ்ல இருந்து கோர்ஸ் விவர ஃபார்ம் நிரப்பி வாங்கணும் (ஊர்ல ஆபீஸ் வாசல்ல நிக்க பொறுமையான அண்ணனோ தம்பியோ இருந்தா நல்லது), ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட்ல மொத்தத்துல 7, எதுலயும் 6.5க்கு கீழ போகக்கூடாது.

நான் சொல்ற ரூட் வேற டிகிரி முடிச்சவங்களுக்கு. சாதாரணமா பிஎஸ்சியா படிச்சா இங்கிலாந்துல மூணு வருஷம், அத ரெண்டு வருஷத்துல நெருக்கி குடுக்கறது தான் இந்த எம்எஸ்சி, அதனால வழக்கமான எம்எஸ்சி மாதிரி வாரத்துக்கு ரெண்டு நாள் க்ளாஸ், மீதி நாள் பார்ட் டைம்னு நெனச்சு வராதீங்க. பிசிக்ஸ், பயாலஜி, பயோமெடிக்கல், ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் மாதிரி டிகிரி பெரும்பாலும் எடுத்துப்பாங்க, மார்க் 2:1 இல்ல 2:2 (யூகே டிகிரில ஃபர்ஸ்ட் க்ளாஸுக்கு அடுத்த ரெண்டு படி) அளவுக்கு கேப்பாங்க. இந்தியா டிகிரின்னா யூகே எனிக்ல (வெளிநாட்டு டிகிரி இங்க எதுக்கு சமம்னு சொல்ற அமைப்பு) இருந்து ஒப்பீட்டு சான்றிதழ் சில இடத்துல கேப்பாங்க. அப்புறம் மேத்ஸ், இங்கிலீஷ் ஜிசிஎஸ்இக்கு (இங்க ஸ்கூல்ல பதினாறு வயசு வாக்குல எழுதற பரீட்சை) சமமா ஏதாவது வேணும்பாங்க, அதுக்கு நம்ம பத்தாவது மார்க்‌ஷீட் தான். என்னோடது ஊர்ல பீரோக்குள்ள பட்டுப்புடவைக்கு அடியில இருந்துச்சு, அப்பா கண்டுபிடிச்சு கூரியர் பண்ண மூணு வாரம் ஆச்சு, இப்பவே எடுத்து ஸ்கேன் பண்ணி வச்சுக்கங்க.

இன்டர்வியூக்கு முன்னாடி ஒரு அரை நாளாவது ஒரு எக்ஸ்ரே டிபார்ட்மென்ட்ட போய் பாருங்க. ஈமெயில் போட்டா பதில் வராது, ஃபோன் பண்ணா கொஞ்சம் நடக்கும், நேர்ல போய் ரிசப்ஷன்ல கேட்டா இன்னும் நல்லா நடக்கும். இன்டர்வியூல "ஏன் இந்த வேலை"ன்னு கேட்டா "மக்களுக்கு உதவ ஆசை"ன்னு சொல்லி நிறுத்துனீங்கன்னா அதத்தான் உங்களுக்கு முன்னாடி வந்த எல்லாரும் சொல்லியிருப்பாங்க. அன்னைக்கு நீங்க பாத்த ஒரு பேஷன்ட், இடுப்பு ஒடைஞ்ச பாட்டிய ரெண்டு பேர் சேர்ந்து எப்படி வலிக்காம படம் எடுத்தாங்க, அத சொல்லுங்க. என்.எச்.எஸ் கான்ஸ்டிட்யூஷன்ல இருக்கற ஆறு வேல்யூஸ் பத்தி கட்டாயம் கேள்வி வரும், மனப்பாடம் பண்ணி ஒப்பிக்காம ஒவ்வொண்ணுக்கும் உங்க வாழ்க்கைல இருந்து ஒரு சம்பவம் வச்சுக்கங்க. நான் கடையில கோவமா வந்த கஸ்டமர சமாளிச்ச கதைய சொன்னேன், அதுவே போதுமா இருந்துச்சு.

காசு விஷயம். ஐஎல்ஆர் (இங்க நிரந்தரமா தங்கற அனுமதி) மாதிரி செட்டில்டு ஸ்டேட்டஸ் இருந்து, மூணு வருஷமா இங்கயே இருக்கீங்கன்னா பொதுவா ஹோம் ஃபீஸ், அதாவது உள்ளூர் ஆளுங்களுக்கான ஃபீஸ். இங்கிலாந்துல படிக்கற ஹோம் ஸ்டூடன்ட்டுக்கு என்.எச்.எஸ் லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட்ல வருஷத்துக்கு 5,000 பவுண்ட் கெடைக்கும், திருப்பி கட்ட வேண்டாம், ப்ளேஸ்மென்ட்டுக்கு (ஆஸ்பத்திரில எடுக்கற பயிற்சி) போற கூடுதல் ட்ராவல் செலவும் அதுலயே க்ளெய்ம் பண்ணலாம், குழந்தை இருந்தா தனி உதவியும் இருக்கு. இது எம்எஸ்சியா இருந்தாலும் ப்ரீ-ரிஜிஸ்ட்ரேஷன்ங்கறதால அண்டர்கிராஜுவேட் மாதிரியே ஸ்டூடன்ட் லோன் கெடைக்குது, நெறைய பேருக்கு இது தெரியாமலே போஸ்ட்கிராஜுவேட் லோனுக்கு ஃபார்ம் போட்டுட்டு முழிப்பாங்க. ஸ்டூடன்ட் விசால வர்றவங்களுக்கு இது எதுவும் கெடையாது, முழு இன்டர்நேஷனல் ஃபீஸ், அதுவும் ப்ளேஸ்மென்ட் இடம் கம்மிங்கறதால சில யுனிவர்சிட்டி வெளிநாட்டு ஆளுங்கள எடுக்கறதே இல்ல, அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டு கேட்டுடுங்க. சீட் கெடைச்சதும் டிபிஎஸ் போலீஸ் செக், ஹெபடைட்டிஸ் பி, எம்எம்ஆர், டிபி தடுப்பூசி ரெக்கார்ட் எல்லாம் வரும், சின்ன வயசுல போட்ட ஊசிக்கு நம்மகிட்ட ஏது ரெக்கார்டு, ப்ளட் டெஸ்ட் எடுத்து பாத்து திரும்ப போடுவாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல.

பாடம்னு பாத்தா பிசிக்ஸ், அனாட்டமி, பொசிஷனிங், சட்டம். பிசிக்ஸ் எனக்கு வீட்டு சாப்பாடு மாதிரி, டங்ஸ்டன் டார்கெட்ல எலக்ட்ரான் மோதுற எனர்ஜில 99 சதவீதம் சூடாவே போயிடும், மீதி தான் எக்ஸ்ரே, கேவி (ட்யூபுக்கு குடுக்கற வோல்டேஜ்) ஏத்துனா ஊடுருவுற சக்தி கூடும், எம்ஏஎஸ் (கரண்ட்ட நேரத்தால பெருக்குனது) ஏத்துனா எக்ஸ்ரே அளவு கூடும். அனாட்டமி தான் அழ வச்சுது. மணிக்கட்டுல மட்டும் எட்டு எலும்பு, அதுல ஸ்கேஃபாய்டு ஒடைஞ்சா முதல் நாள் படத்துல தெரியாமயே போகலாம். பயாலஜி படிச்சு வந்தவங்களுக்கு இது தலைகீழ். நானும் ஒரு கேரளா பொண்ணும் ஒருத்தருக்கொருத்தர் மாத்தி மாத்தி சொல்லிக்குடுத்து தான் முதல் செமஸ்டர் தாண்டுனோம்.

சட்டம்னா ஐஆர்எம்இஆர் 2017 (மருத்துவத்துல கதிர்வீச்ச பயன்படுத்தறதுக்கான விதிமுறை), எல்லாரும் "இர்மர்"னு தான் சொல்லுவாங்க. யார் படம் கேட்டாங்க, இந்த கதிர்வீச்சு தேவைதான்னு யார் நியாயப்படுத்துனாங்க, யார் பட்டன அமுக்குனாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி பொறுப்பு. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேல வர்ற கதிர்வீச்சு கிட்டத்தட்ட 0.014 மில்லிசீவர்ட், ரெண்டு மூணு நாள் சும்மா வீட்ல உக்காந்திருந்தாலே இயற்கையா கெடைக்கற அளவு தான், சிடின்னா அது நூறு மடங்குக்கு மேல போகும், அதனால "எதுக்கும் ஒரு சிடி எடுத்துடலாமே"ன்னு யாராவது சொன்னா கேள்வி கேக்கறதும் உங்க வேலை. பேஷன்ட் இடுப்புல ஈயத்த போர்த்தறது நல்லதுன்னு ஊர்ல பழகுனவங்க நெனைப்பாங்க, இங்க 2020ல வந்த வழிகாட்டுதலுக்கு அப்புறம் பொதுவா போர்த்தறதில்ல, அது நகர்ந்து படத்த மறைச்சா திரும்ப எடுக்கணும், அது தான் கூடுதல் டோஸ்.

ஆனா உண்மையான படிப்பு ப்ளேஸ்மென்ட்ல. கிட்டத்தட்ட பாதி கோர்ஸ் ஆஸ்பத்திரில தான், முழு நேர வேலை மாதிரி மணிக்கணக்கு, சம்பளம் கெடையாது. எங்க யுனிவர்சிட்டி எனக்கு ஒதுக்குன ஆஸ்பத்திரி ரெண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம், ஜனவரி இருட்டுல காலைல ஆறரைக்கு பஸ் ஸ்டாப்ல நின்னு "எனக்கு இது தேவையா"ன்னு கேட்டுகிட்ட நாள் நெறைய. நல்ல ஷூ வாங்குங்க, காசு பாக்காதீங்க.

முதல் பாடம் பேர் கேக்கறது. "நீங்க தான் மிஸ்டர் ஸ்மித்தா"ன்னு கேக்கவே கூடாது, காது கேக்காத தாத்தா எதுக்கும் ஆமான்னு தான் தலையாட்டுவார், நம்ம ஊர் தாத்தாவும் அதே தான். "உங்க பேர் சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க, அட்ரஸ் சொல்லுங்க"ன்னு அவங்க வாயால வரணும், மூணும். ஒருநாள் நான் அவசரத்துல கூப்ட பேருக்கு வேற ஒருத்தர் எழுந்து வந்துட்டார், பிறந்த தேதி கேட்டப்ப தான் மாட்டுச்சு, பட்டன் அமுக்கல, ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அப்புறம் பொசிஷனிங். செஸ்ட் எக்ஸ்ரே சுலபம்னு நெனப்பீங்க. பேஷன்ட் நெஞ்ச போர்டுல வச்சு நிக்கணும், ட்யூப் பின்னாடி 180 சென்டிமீட்டர் தள்ளி, அப்ப தான் இதயம் பெருசா தெரியாது. தோள முன்னாடி உருட்டணும், இல்லன்னா தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல வந்து விழும். மூச்ச இழுத்து பிடிக்க சொல்லி பிடிச்சதும் எடுக்கணும். படத்துல ரெண்டு காலர் எலும்பு முனையும் முதுகெலும்புல இருந்து ஒரே தூரத்துல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பேஷன்ட் திரும்பி நின்னிருக்கார். இதே படத்த வார்டுல படுத்திருக்கறவருக்கு மொபைல் மெஷின்ல எடுத்தா முன்னாடி இருந்து தான் எடுக்க முடியும், இதயம் பெருசா தெரியும், அதனால ஏபின்னு (முன்னாடி இருந்து பின்னாடி பாத்து எடுத்ததுன்னு) கட்டாயம் குறிச்சு விடணும், இல்லன்னா பாக்கற டாக்டர் இதயம் வீங்கியிருக்குன்னு நெனச்சுக்குவார்.

என்ன பலமுறை திரும்ப எடுக்க வச்சது முழங்கை லேட்டரல், அதாவது பக்கவாட்டு படம். தோள், முழங்கை, மணிக்கட்டு மூணும் ஒரே மட்டத்துல இருக்கணும், முழங்கை 90 டிகிரி. டேபிள் தாழ்வா, நாற்காலி உசரமா இருந்தா என்ன பண்ணாலும் வராது, பேஷன்ட்ட தாழ உக்கார வைங்க, இல்ல டேபிள ஏத்துங்க, இத ஒரு சீனியர் அக்கா ஒரே வரில சொல்லிக் குடுத்தாங்க, ரெண்டு லெக்சர்ல எனக்கு புரியாதது. சரியா வந்தா தான் மூட்டுக்குள்ள ரத்தம் இருந்தா கொழுப்பு மேல தள்ளப்பட்டு தெரியும், எலும்பு விரிசல் கண்ணுக்கு தெரியாட்டியும் அது காட்டி குடுத்துடும். வலியில ஆள் அசைய முடியலன்னா ஆள இழுக்காதீங்க, ட்யூப திருப்புங்க, விழுந்து வந்தவங்க முழங்காலுக்கு படுத்தபடியே பக்கவாட்டுல கதிர் விட்டு எடுக்கறது அதுக்காக தான்.

கூட இருக்கற ஸ்டாஃப் எல்லாரும் அன்பா இருக்க மாட்டாங்க. ஒரு இடத்துல ஒருத்தர் என்ன ஒரு மாசம் பேர் சொல்லியே கூப்டல, "ஸ்டூடன்ட்" தான். தினமும் பார்த்ததையும் எடுத்ததையும் ஒரு சின்ன நோட்டுல எழுதுங்க (பேஷன்ட் பேர், நம்பர் எதுவும் எழுதக்கூடாது), காம்பிடென்சி அசெஸ்மென்ட்டுக்கு (படம் சரியா எடுக்க வருதான்னு பாக்கற தேர்வு) யார் கையெழுத்து போடுவாங்களோ அவங்கள முதல் வாரமே பிடிச்சு தேதி வாங்குங்க, கடைசி வாரம் எல்லாரும் வரிசைல நிப்பாங்க.

ரெண்டாவது வருஷம் டிசர்டேஷன், அதாவது ஆய்வுக் கட்டுரை. சில கோர்ஸ்ல அது இல்லாம பிஜி டிப்ளமாவோட வெளிய வந்தாலும் எச்.சி.பி.சிக்கு தகுதி உண்டு, முடியாத சூழ்நிலை வந்தா அப்படி ஒரு வழி இருக்கான்னு முன்னாடியே கேட்டு வைங்க. வேலைக்கு கடைசி வருஷம் பாதியிலயே அப்ளை பண்ணலாம், பேண்ட் 5ல (என்.எச்.எஸ் சம்பளப் படி) ஆரம்பம், ரிஜிஸ்ட்ரேஷன் வர்ற வரைக்கும் கண்டிஷன் போட்டு ஆஃபர் குடுப்பாங்க. அப்புறம் சிடி, எம்ஆர்ஐனு போய் பேண்ட் 6, ரிப்போர்ட்டிங் (படத்த பாத்து ரிப்போர்ட் எழுதறது) படிச்சா பேண்ட் 7. அல்ட்ராசவுண்ட் ஆசைன்னா அது இதுக்கு மேல தனி போஸ்ட்கிராஜுவேட் படிப்பு, இந்த கோர்ஸ்லயே சொல்லிக் குடுத்துடுவாங்கன்னு நம்பி வராதீங்க.

கடைசியா நம்ம ஆளுங்களுக்கு மட்டும் வர்ற தொல்லை ஒண்ணு, பேர். பத்தாவது மார்க்‌ஷீட்ல இனிஷியல் முன்னாடி, டிகிரில இனிஷியல் பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேர் விரிச்சு சர்நேமா, கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் பேர் வேற. யுனிவர்சிட்டில சேர்றப்பவே பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே குடுத்துடுங்க, டிபிஎஸ்சும் அப்படியே. படிப்பு முடிஞ்சதும் யுனிவர்சிட்டி பாஸ் லிஸ்ட்ட எச்.சி.பி.சிக்கு அனுப்பும், அதுல இருக்கற பேரும் நீங்க அப்ளிகேஷன்ல போட்ட பேரும் ஒத்து வரலன்னா அங்கயே நிக்கும். எனக்கு பதினோரு நாள் நின்னுச்சு, அந்த பதினோரு நாளும் யூனிஃபார்ம இஸ்திரி போட்டு மாட்டி வச்சுட்டு வெப்சைட்ட ரிஃப்ரெஷ் பண்ணிட்டு உக்காந்திருந்தேன்.