சின்னப் பிள்ளையோடு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர்: ஒரே நாளைத் திட்டமிடுவது எப்படி?

டிக்கெட் எடுப்பதற்கு முன் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, செருப்பில்லாமல் உயரம் பார்த்துவிடுங்கள். இந்தப் பூங்காவில் டிக்கெட் கவுன்டர் பார்ப்பது வயதை, ரைடு வாசல் பார்ப்பது உயரத்தை. 4 வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், 4 முதல் 12 வரை சிறுவர் டிக்கெட். உள்ளே போன பிறகு "நாலரை வயசாச்சுங்க" என்று சொல்லிப் பயனில்லை. கோட்டுக்கு மேலே தலை தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அரை செ.மீ. குறைந்தாலும் ஊழியர் விடமாட்டார், கெஞ்சுவது வீண். பாதுகாப்புக் கம்பி அந்த உடல் அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

குறைந்தபட்ச உயரங்கள் இவை:

92 செ.மீ. – என்சான்டட் ஏர்வேஸ் (சின்ன ரோலர் கோஸ்டர்), கேனப்பி ஃபிளையர்
100 செ.மீ. – பஸ் இன் பூட்ஸ் ஜயன்ட் ஜர்னி
102 செ.மீ. – மினியன் மேஹெம், டிரான்ஸ்ஃபார்மர்ஸ்
107 செ.மீ. – ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ்
122 செ.மீ. – ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி
125 செ.மீ. – பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவின் இரண்டு தடங்களும்

செசமி ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ் போன்ற சிலவற்றில், பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்தால் குட்டிகளும் ஏறலாம். விதிகள் அவ்வப்போது மாறும். கிளம்பும் வாரத்தில் பூங்காவின் செயலியில் ஒருமுறை சரிபாருங்கள். பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியலும் அங்கேயே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவீட்டின்படி 3 வயதில் சராசரி உயரம் சுமார் 95 செ.மீ., 4 வயதில் சுமார் 103, 5 வயதில் சுமார் 109. அதனால் நான்காவது பிறந்தநாளை ஒட்டிய பிள்ளைகளுக்கு 102 செ.மீ. கோடுதான் பெரிய தலைவலி. பயணத்தை நாலைந்து மாதம் தள்ளிப்போட முடியும் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிப்போடலாம். முடியாதென்றால், எதில் ஏற முடியாது என்பதை வீட்டிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வரிசையில் நின்ற பிறகு தெரிந்தால் அழுகை நிச்சயம்.

எந்த நாள்

சிங்கப்பூர் மணி இந்திய மணியைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லை, சின்னப் பிள்ளைக்கு நாள் முழுவதையும் புரட்டிப்போடும். பூங்கா பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறக்கும். அப்போது சென்னையில் ஏழரை. ஒன்பதே முக்காலுக்கு வாசலில் நிற்க வேண்டுமென்றால் ஏழரைக்கு எழுப்ப வேண்டும், பிள்ளையின் உடம்புக்கு அது விடியற்காலை ஐந்து மணி. இரவு விமானத்தில் தூங்காமல் வந்து இறங்கிய அன்றே பூங்காவுக்குப் போகிறவர்கள், மதியம் இரண்டு மணிக்கு அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். குறைந்தது ஒரு முழு இரவு தூங்கிய பிறகு, முடிந்தால் மூன்றாவது நாளில் போங்கள்.

வார நாளாக இருக்கட்டும். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறையான மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். அவர்களுடைய நீண்ட விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க ஓடும், அடுத்தது நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். மே முதல் மூன்று வாரங்களில் ஒரு செவ்வாயோ புதனோ கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் ஹாலோவீன் இரவு நிகழ்ச்சிக்காகச் சில நாட்கள் பூங்காவைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள். டிக்கெட் தேதிக்குரியது என்பதால், நேர அட்டவணையைப் பார்த்துவிட்டே தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

கூடுதல் பணம் கட்டிக் குறுகிய வரிசையில் போக உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா? 102 செ.மீ.க்குக் குறைந்த பிள்ளை என்றால் வேண்டாம். பாஸின் விலைக்குப் பெரும் காரணமான ரைடுகளில் அந்தப் பிள்ளையால் ஏறவே முடியாது. 107-ஐத் தாண்டிய பிள்ளை, பள்ளி விடுமுறைக் காலம், ஒரே நாள்தான் இருக்கிறது: மூன்றும் சேர்ந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பையில் என்ன

மாற்றுத் துணி இரண்டு செட். சிங்கப்பூர் வெயிலில் பருத்தி பனியன் வேர்வையில் ஊறிக் கனத்துவிடும், சீக்கிரம் காயும் துணி நல்லது. பின்பட்டி உள்ள செருப்பு, ஏனென்றால் கால் தொங்கும் ரைடுகளில் ஹவாய் செருப்பு நழுவும். மழை அங்கி பூங்காவுக்குள் விலை கூட, முதல் நாளே லிட்டில் இந்தியாவின் முஸ்தபா கடையிலோ தேக்கா சந்தையிலோ ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள். காலித் தண்ணீர்க் குப்பி ஒன்று: சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், நிரப்பிக்கொள்ள உள்ளே இடம் உண்டு. குழந்தை உணவு கொண்டுபோகலாம், கட்டுச்சோறு கூடாது. தடிமனான பிளாஸ்டிக் பை ஒன்று ஈரத் துணிக்கு. பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து அலைபேசியில் வைத்திருந்தால், வயதைக் கேட்டால் காட்டலாம்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தள்ளுவண்டி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நடக்கிற பிள்ளைதானே என்று விட்டுவிட்டால், மூன்று மணிக்கு மேல் 18 கிலோ உங்கள் இடுப்பில் இருக்கும். வாடகைக்கும் கிடைக்கும். ரைடு வரிசைக்குள் வண்டி போகாது, வெளியே நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். அதில் பணமோ பாஸ்போர்ட்டோ வைக்காதீர்கள். மழை வந்தால் நனையாமலிருக்க இருக்கையின் மேல் ஒரு பாலிதீன் உறை போட்டுவிடுங்கள்.

போகும் வழி

சிராங்கூன் சாலைப் பக்கம் தங்கியிருந்தால் வேலை எளிது. லிட்டில் இந்தியாவிலோ ஃபேரர் பார்க்கிலோ வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால், மாறாமல் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரன்ட்டில் இறங்கலாம். 90 செ.மீ.க்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டணமில்லை. மேலே விவோசிட்டி கடைத்தொகுதி, லிஃப்டில் மூன்றாம் தளம் போனால், பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குப் போகும் ரயிலான செந்தோசா எக்ஸ்பிரஸ். தீவுக்குள் போக 4 சிங்கப்பூர் டாலர், திரும்பி வரக் கட்டணமில்லை. முதல் நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்குங்கள். நடந்தும் போகலாம்தான், ஆனால் பிள்ளையின் காலில் இருக்கிற பலத்தைப் பாலத்தில் செலவழிக்க வேண்டாம். வாசலில் சுழலும் பூகோளத்தின் முன் படமெடுக்கக் காலையில் கூட்டம் முண்டியடிக்கும். மாலையில் வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே போகும் வரிசை

பூங்கா ஒரு குளத்தைச் சுற்றிய வளையம். ஹாலிவுட்டில் நுழைந்தால் ஒரு பக்கம் மினியன் லேண்ட், ஃபார் ஃபார் அவே, லாஸ்ட் வேர்ல்ட். மறுபக்கம் நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து. கூட்டத்தில் பெரியவர்கள் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், பேட்டில்ஸ்டார் என்று சை-ஃபை சிட்டிக்கு ஓடுவார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் போங்கள்.

மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில் திறந்தது. 102 செ.மீ. இருந்தால் மினியன் மேஹெமில்தான் முதலில் நிற்க வேண்டும், நேரம் போகப் போக அங்கே வரிசை வளரும். உயரம் போதாத பிள்ளை என்றால் நேரே சில்லி ஸ்வர்லி, பிறகு பக்கி பூகி ராட்டினம். சின்ன ரைடுகளின் வரிசை பார்க்கக் குட்டையாக இருக்கும், நகர்வதோ ஆமை வேகம். ஒரு சுற்றுக்கு ஏற்றும் ஆட்கள் குறைவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெல்ட் பூட்டி அவிழ்க்க நேரமாகும். வரிசையின் நீளத்தை நம்பாமல், வாசல் பலகையில் போட்டிருக்கும் நிமிடத்தைப் பாருங்கள்.

அடுத்து ஃபார் ஃபார் அவே: என்சான்டட் ஏர்வேஸ், பஸ் இன் பூட்ஸ். முதல் ரோலர் கோஸ்டர் அனுபவத்துக்கு இரண்டாவதே மென்மையானது, உயரம் இருந்தால் அதில் தொடங்குங்கள். அதில் சிரித்த பிள்ளையை ஏர்வேஸில் ஏற்றலாம், முகம் சுருங்கிய பிள்ளையை வேண்டாம். ஒரு ரைடில் மிரண்டுவிட்டால் மீதி நாள் முழுக்க எல்லா வாசலிலும் "வேணாம்" என்றே சொல்லும்.

லாஸ்ட் வேர்ல்டில் கேனப்பி ஃபிளையரில் ஒரு வண்டிக்கு நான்கே பேர், முதுகோடு முதுகாக. அதனால் அதன் வரிசை எப்போதும் நீளம். பதினொன்றரைக்குள் முடிந்தால் ஏறுங்கள், முக்கால் மணி நேரம் என்று பலகை சொன்னால் விட்டுவிடுங்கள். ரேபிட்ஸில் தொப்பலாக நனைவீர்கள், அதைத் துணி மாற்றுவதற்குச் சற்று முன் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு குளிர்சாதன அரங்குக்குள் போனால் இரவே தும்மல் தொடங்கும். வாட்டர்வேர்ல்ட் காட்சியிலும் முன்வரிசைகளுக்குத் தண்ணீர் வரும். வெடிச்சத்தமும் தீயும் உண்டு, பிள்ளையோடு பின்வரிசையில் ஓரமாக உட்காருங்கள்.

பெற்றோர் இருவரும் மம்மியிலோ பேட்டில்ஸ்டாரிலோ ஏற ஆசைப்பட்டால் வாசல் ஊழியரிடம் "சைல்டு ஸ்விட்ச்" என்று கேளுங்கள். ஒருவர் ஏறி வரும்வரை மற்றவர் பிள்ளையோடு காத்திருந்து, மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். தாத்தா பாட்டி வந்திருந்தால் இதுகூடத் தேவையில்லை.

சாப்பாடும் தூக்கமும்

உணவகங்களில் 12 முதல் 1.30 வரை நெரிசல். இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைக்கு அது காலை ஒன்பதரை முதல் பதினொன்று, பசியே இருக்காது. அந்த நேரத்தில் பழமோ பிஸ்கட்டோ கொடுத்துச் சமாளித்து, ஒன்றே முக்காலுக்குச் சாப்பிட உட்காருங்கள். எகிப்துப் பகுதியின் ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்திய, மத்தியக் கிழக்கு உணவு, லாஸ்ட் வேர்ல்டின் டிஸ்கவரி ஃபுட் கோர்ட்டில் உள்ளூர் உணவு. காரம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சைவம் மட்டுமே சாப்பிடுவீர்கள் என்றால் காலையில் சிராங்கூன் சாலையில் இட்லி தோசையை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம். சிங்கப்பூரில் வசிக்கும் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு: 11.15-க்கே சாப்பிட்டுவிடுங்கள்.

சாப்பிட்டதும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பக்கம் போகக் கூடாது. குலுக்கும் வண்டி, முப்பரிமாணத் திரை, நிரம்பிய வயிறு சேர்ந்தால் வாந்தி. 102 செ.மீ. இருந்தாலும் அது ஆறு வயதுக்குக் கீழே எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றதல்ல என்பது எங்கள் கருத்து. பெரியவர் அளவுக் கண்ணாடி சின்ன முகத்திலிருந்து நழுவும், முகத்துக்கு நேரே பெரிய எந்திரங்கள் பாயும். பயந்தால் கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன் புயல் காட்சியும் உட்கார்ந்து பார்ப்பதுதான் என்று ஏமாந்துவிடாதீர்கள், சத்தம் காதைப் பிளக்கும்.

உணவுக்குப் பிறகு நியூயார்க்கின் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ். குளிர்சாதனம், மெதுவான வண்டி, எல்மோ என்ற செசமி ஸ்ட்ரீட் பொம்மை. அதை முடித்துத் தள்ளுவண்டியைப் படுக்கையாக்கி, கூரை போட்ட ஹாலிவுட் தெருவில் அரை மணி நேரம் உருட்டுங்கள். பிள்ளை தூங்கினால் தூங்கட்டும், ஒருவர் அருகில் இருக்க மற்றவர் போய் வரலாம்.

மழையும் இடியும்

சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை சகஜம், நவம்பர் முதல் ஜனவரி வரை கூடுதல். மின்னல் அபாய எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெளி ரைடுகளைக் காலையிலேயே முடிக்கச் சொல்வது இதற்காகத்தான். வானம் கறுத்தால் முதல் தூறலுக்குக் காத்திராமல் உள்ளரங்கு ரைடுக்கு நடங்கள். தூறல் விழுந்த பிறகு எல்லோரும் அங்கேதான் வருவார்கள்.

பிள்ளை தவறிவிட்டால்

வாசலிலேயே அன்றைய உடையோடு முழு உருவப் படம் ஒன்று எடுத்துவிடுங்கள். "என்ன கலர் சட்டை" என்று கேட்டால் பதற்றத்தில் ஞாபகம் வராது. சிங்கப்பூரில் அழைத்தால் கிடைக்கும் உங்கள் அலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு பேனாவால் பிள்ளையின் முன்கையில் எழுதுங்கள். இந்திய எண்ணில் ரோமிங் இல்லையென்றால் அதை எழுதிப் பயனில்லை. பெயர் அட்டை குத்திய ஊழியரை ஒருவரை நேரில் காட்டி, "காணாமப் போனா இவங்கள மாதிரி இருக்கவங்ககிட்ட போய் நில்லு" என்று சொல்லுங்கள்.

பொம்மைக் கடை கடைசியில். காலையில் வாங்கினால் நாள் முழுக்க நீங்கள்தான் சுமக்க வேண்டும், இல்லையேல் ஏதோ ஒரு வரிசையில் தொலையும். மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக வெளியே வாருங்கள். பூகோளத்தின் முன் படமெடுக்க அப்போது இடமிருக்கும், செந்தோசா எக்ஸ்பிரஸில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏறலாம். அரை மணி தாமதித்தால் மொத்தக் கூட்டத்தோடும் நடைமேடையில் நிற்க வேண்டியிருக்கும்.