6 மி.மீ. அளவில் காலாட்படையின் துணை ஆயுதங்கள்: 1944 பிரிட்டிஷ் பட்டாலியன்

மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்கு, ஆள் ஏறக்குறைய 6 மி.மீ. உயரமே இருக்கும் சிறு உருவங்களால் படை சேர்க்கிறீர்களா? பட்டாலியனில் இருந்த ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு மாடல் தேடினால் அந்தப் படை ஒருநாளும் முடியாது. குண்டை வளைவாக மேலே எறியும் இரண்டங்குல மோர்ட்டாரின் குழல் நிஜத்திலேயே அரை மீட்டர்தான். 1/285 அளவில் அது 2 மி.மீ. கூட வராது; பெயின்ட் அடித்ததும் கண்ணுக்கே தெரியாது. ஆகவே மாடல் வாங்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஆயுதம் யார் கையில் இருந்தது? பிளாட்டூனுக்கே (கம்பெனியின் உட்பிரிவு) உரியது என்றால் பிளாட்டூன் பேஸிலேயே, அதாவது உருவங்களை ஒட்டும் சிறு பலகையிலேயே, அடங்கட்டும். அதற்கு மேலே இருந்து வந்தவற்றுக்கு மட்டும் தனி பேஸ்.

1944 நார்மண்டியில் இருந்த பிரிட்டிஷ் பட்டாலியனை எடுத்துக்கொள்வோம். ஒரு பேஸ் ஒரு பிளாட்டூன் என்றால், 4 கம்பெனிக்கு மும்மூன்றாக 12 ரைஃபிள் பேஸ். மூன்று பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கி, ஓர் இரண்டங்குல மோர்ட்டார், ஒரு பியட் (ஒருவர் தூக்கிச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஆயுதம்) எல்லாமே அந்த ஒரு பேஸுக்குள் அடக்கம். துணை கம்பெனியில் மூன்றங்குல மோர்ட்டார் 6, ஆறு பவுண்டர் டாங்கி எதிர்ப்பு பீரங்கி 6, கேரியர் எனும் சிறு கவச வண்டி 13. இரண்டு ஆயுதத்துக்கு ஒரு பேஸ் வீதம் மோர்ட்டாருக்கு 3, பீரங்கிக்கு 3. கேரியருக்கு 4 மாடல் போதும்.

பலரும் தவறுவது விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியில். அது பட்டாலியனின் சொத்து அல்ல. பல பட்டாலியன்கள் சேர்ந்த டிவிஷனுக்கென இருந்த தனி இயந்திரத் துப்பாக்கி பட்டாலியனில் 36 இருந்தன. தேவைக்கேற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு பட்டாலியனுக்கு ஒரு விக்கர்ஸ் பிளாட்டூன், அதாவது 4 துப்பாக்கி, 2 பேஸ் என்று வைத்தால் நியாயமாக இருக்கும். எல்லாப் பட்டாலியனுக்கும் நிரந்தரமாக விக்கர்ஸ் கொடுத்தால் ஆட்டத்தில் தாக்குபவர் நகரவே முடியாது.

அடுத்தது தூரம். மேசையில் 1 செ.மீ. என்பது 25 மீட்டர் என்று கொள்ளுங்கள். பியட் பயன்பட்ட தூரம் ஏறக்குறைய 100 மீட்டர், அதாவது 4 செ.மீ. பேஸின் அகலமே 3 செ.மீ. என்பதால் பியட்டுக்குத் தனியாகச் சுடும் விதி எழுதுவது வீண்; டாங்கி மிக நெருங்கி வரும்போது பிளாட்டூனுக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளியாக வையுங்கள். இரண்டங்குல மோர்ட்டாருக்கு ஏறக்குறைய 18 செ.மீ. அதன் பெரும்பயன் புகைக்குண்டு. பிளாட்டூனுக்கு ஒரு பஞ்சுத் துண்டு கொடுத்து, ஆட்டத்தில் ஒரு முறை புகை போட அனுமதித்தால் போதும். மூன்றங்குல மோர்ட்டார் 2,500 மீட்டர், 100 செ.மீ. எட்டும். 120 செ.மீ. ஆழமுள்ள மேசையில் அதைப் பின்விளிம்பில் வைக்கலாம். டிவிஷனின் 4.2 அங்குல மோர்ட்டாரை மேசையில் வைக்கவே வேண்டாம். காகிதத்தில் இருந்தால் போதும்.

பேஸின் வடிவமே ஆயுதத்தைச் சொல்ல வேண்டும். ஓர் எட்டு தள்ளி நின்று பார்ப்பவருக்கு 6 மி.மீ. அளவில் ஆயுதத்தின் குழல் தெரியாது, பேஸின் வடிவம் தெரியும். 2 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் ரைஃபிளுக்கு 30 x 30 சதுரம், விக்கர்ஸுக்கு 30 x 20, பீரங்கிக்கு 30 x 40, மோர்ட்டாருக்கு 30 மி.மீ. வட்டம். மோர்ட்டார் மறைவிலிருந்து சுடுவதால் அதற்கு முன்பக்கம் பின்பக்கம் பெரிதில்லை. வட்டம் அதையும் உணர்த்திவிடும். ஆட்களின் எண்ணிக்கையிலும் வேறுபாடு காட்டுங்கள்: ரைஃபிளில் 8 பேர், விக்கர்ஸ், மோர்ட்டார் ஒவ்வொன்றுக்கும் 3 பேர்.

மோர்ட்டார் மாடல் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். மின்வயரிலிருந்து உருவிய 0.5 மி.மீ. செம்புக் கம்பியை 5 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். நிஜக் குழல் இதைவிட மெல்லியது, ஆனால் அப்படியே செய்தால் விரல் பட்டதும் வளையும். பேஸில் ஊசியால் துளையிட்டு, குழலை 60 பாகை சாய்த்து நட்டு, அதைவிட மெல்லிய கம்பியை 'ட' போல மடித்து முன்னால் முட்டுக்கொடுங்கள். சூப்பர் குளூவைக் குச்சி முனையில் தொட்டு வையுங்கள். அதிகமானால் அதன் ஆவி சுற்றிலும் வெண்படலமாகப் படியும். ஒட்டும் வேலையைப் பெயின்டுக்கு முன்பே முடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பீரங்கியின் குழல் முனை பேஸ் விளிம்பிலிருந்து குறைந்தது 3 மி.மீ. உள்ளே இருக்கட்டும். வெளியே நீட்டினால் பக்கத்து பேஸில் இடித்து முதலில் உடைவது அதுதான். இழுக்கும் லாய்ட் கேரியரைத் தனி பேஸில் வைத்து, நகரும்போது அதை மட்டும் மேசையில் காட்டுங்கள். நிலைகொண்டதும் பீரங்கி பேஸை இறக்குங்கள்.

கறுப்பு பிரைமர் அடித்து, சீருடைக்குக் காக்கிப் பழுப்பை நிஜத்தைவிட இரண்டு படி வெளிறலாக்கி அடியுங்கள். சிறிய உருவத்தில் நிறம் கருத்தே தெரியும். விக்கர்ஸ் குழலின் மேல்புறம் ஒரு சாம்பல் கோடு இழுத்தால் அதன் பருமன் எடுத்துக்காட்டும். தரைக்குச் சாதாரண மணல் ஆகாது: 1 மி.மீ. மணல் இந்த அளவில் ஓரடிப் பாறை. தேநீர் வடிகட்டியில் சலித்த தூளை ஃபெவிகாலில் தூவுங்கள். 2 மி.மீ. செயற்கைப் புல்லும் வேண்டாம், படுத்திருக்கும் துப்பாக்கிக்காரர் மறைந்துவிடுவார். பொடிப் பச்சைத் தூள் போதும்.

பேஸின் பின்விளிம்பில் 3 மி.மீ. பட்டை விட்டு கம்பெனி எண்ணை எழுதுங்கள். பியட் இன்னும் கையிருப்பில் இருக்கிறதா என்பதற்கான புள்ளியையும் அங்கேயே வைக்கலாம். அடியில் காந்தத் தாள் ஒட்டி இரும்புப் பெட்டியில் வைத்தால், பயணத்தில் பேஸுகள் ஒன்றோடொன்று மோதிக் கம்பிகள் உடையாது.