மனித உரிமைப் பாடத்துக்குப் படக்கதை: நான் செய்யும் முறை

‘மனித உரிமைகள்’ என்று கரும்பலகையில் எழுதினால் போதும், எங்கள் ஒன்பதாம் தரப் பிள்ளைகள் கொப்பியைத் திறந்து அடிமட்டம் வைத்துக் கோடு கீறத் தொடங்கிவிடுவார்கள். ஐ.நா.வின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம், 1948 டிசம்பர் 10, 30 உறுப்புரைகள் என்று கடகடவென ஒப்புவிப்பார்கள். அதற்குமேல் பாடம் நகராது. குடியியல் பாடத்தில் படக்கதையைப் புகுத்தியது அதனால்தான்.

படி 1: முழுப் புத்தகம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். பெஞ்சமின் டிக்ஸும் லின்ட்சி பொலக்கும் 2019இல் வெளியிட்ட ‘வன்னி’ என்ற படக்கதைப் புத்தகம், இலங்கைப் போரில் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது, எங்கள் இடத்துக் கதைதான். ஆனால் ஆங்கிலம், இந்த வயதுக்குக் கனமும் கூட. நீங்கள் வாசித்து வையுங்கள். வகுப்புக்கு நானே இரண்டு கட்டம் கீறினேன். முதலாவதில் வாசலில் நிற்கும் தாய். இரண்டாவதில் சாமான் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியில் அதே தாய். பேச்சுக்குமிழ் வைக்கவில்லை, எழுத்தைக் கண்டால் பிள்ளைகள் படத்தைப் பார்க்கமாட்டார்கள்.

படி 2: இருவருக்கு ஒன்றாகப் போட்டோக்கொப்பி. மல்டிமீடியாவை நம்பாதீர்கள், கரண்ட் போனால் பாடமும் போச்சு. கறுப்பை அப்பிக் கீறினால் போட்டோக்கொப்பியில் தார் பூசியதுபோல் வரும்; வெறும் கோடே நல்லது.

படி 3: நான் சறுக்கிய இடம். “உங்கட வீட்டிலயும் இப்படி நடந்ததா?” என்று முதல் வருடம் கேட்டுவிட்டேன். எல்லாரும் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள்தானே என்ற துணிச்சல். பின் வாங்கில் ஒரு பிள்ளை தாளைக் கவிழ்த்து வைத்தாள். மணி அடிக்கும்வரை நிமிர்த்தவில்லை. 12ஆம் உறுப்புரை சொல்வதே அந்தரங்கத்தைப் பற்றித்தான். அதைப் படிப்பிக்க வந்த நானே மீறிக்கொண்டு நின்றேன்.

இப்போது படத்தில் உள்ளவர்களைப் பற்றி மட்டும்தான் கேட்பேன். “இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில என்ன நடந்திருக்கும்? ஒரு கட்டம் கீறுங்கோ.” ஒருவன் மாட்டின் கயிற்றை அவிழ்க்கும் கையைக் கீறினான். ஏன் என்றேன். “கட்டி வைச்சிட்டுப் போனா செத்திடும் ரீச்சர்.” வகுப்பு அப்போதுதான் பேசத் தொடங்கியது.

படி 4: உறுப்புரைகளை இதற்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். மாட்டுக்குக் கீழே ஒருத்தி 17 என்று எழுதினாள், சொத்துரிமை. பக்கத்தில் இருந்தவன் 13 என்றான், விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமை. சண்டை பிடிக்கட்டும், விடுங்கள்.

பின்சேர்க்கை: படம் கீற வராத பிள்ளைகளை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். குச்சி மனிதன் போதும். 2பி பென்சில் கொடுங்கள், அழிறப்பர் மட்டும் வேண்டாம். பாதிப் பாடவேளை மூக்கை அழித்து அழித்துக் கீறுவதிலேயே போய்விடும்.